புள்ளியெழுத்துத் தந்த லூயி பிறெயில்

மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தூரத்தில் அமைந்த அலுவிகாரையை நம் கல்லூரி மாணவர் அறியாதவரல்லர். தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாய் ஓதப்பெற்று வந்த பௌத்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றது என்பது மரபு. செவியில் தங்கியிருந்த கல்வி கண்ணுக்கு மாறிய இடம் அது. எழுத்தையே கண்ணென்று போற்றும் வழக்கம் தமிழர்க்கும் உண்டு. ஆயின் கண்ணே இல்லாத பிள்ளை எழுத்தை எங்ஙனம் பெறும் என்னும் வினாவுக்கு நெடுங்காலம் எந்நாட்டாரும் நிறைவான விடை கண்டிலர்.

அவ்விடையைக் கண்டவர் அரசரல்லர், பேரறிஞர் கழகத்து உறுப்பினருமல்லர். பதினைந்து வயதுப் பள்ளி மாணாக்கர் ஒருவர், தாமும் விழியிழந்தவர். யூபிலி மலர்களிலே அரசியற் றலைவர், புலவர், கொடைவள்ளல் ஆகியோரின் சரித்திரங்களை எழுதுதலே வழக்கமாயினும், முப்பத்துமூன்று ஆண்டுகளைப் பெரும்பாலும் ஒரே பள்ளிக்கூடத்தில் முதலில் மாணாக்கராயும் பின்னர் ஆசிரியராயும் கழித்த ஒருவரை நாம் வேண்டுமென்றே தெரிந்தெடுத்தோம். பள்ளிக்கூடத்து மலருக்கு அவரினும் பொருத்தமானவர் வேறெவர் என்பது நம் எண்ணம்.

லூயி பிறெயில் 1809ஆம் ஆண்டு சனவரி மாதம் 4ஆம் நாள், பிரான்சு தேசத்துத் தலைநகராகிய பாரிசுக்குக் கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கூப்விறே என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் சிமோன் றெனே பிறெயில் குதிரைகளுக்கு வேண்டிய சேணமும் கடிவாள வாரும் தைத்துக் கொடுப்பவர். தாயார் பெயர் மொனிக். பிள்ளைகள் நால்வருள் லூயியே கடைக்குட்டி.

தந்தையின் பட்டறையிலே தோலைத் துளைக்கும் குத்தூசிகளும் அறுக்கும் கத்திகளும் கிடந்தன. 1812ஆம் ஆண்டில், மூன்று வயதுப் பாலகனாகிய லூயி, தந்தையைப் போலத் தானும் தோல் துளைக்க முயன்றபோது கருவி வழுக்கி ஒரு கண்ணிற் பாய்ந்தது. கத்தி என்பாரும் உளர். குத்தூசி என்பதே பெரும்பான்மை வழக்கு. கிருமிகளைக் கொல்லும் மருந்துகள் அறியப்படாத காலம் அது. புண் சீழ்பிடித்தது, நோய் மற்றைக் கண்ணுக்கும் பரவியது, ஐந்தாம் வயதிலே பிள்ளை முற்றாகப் பார்வையிழந்தான். இன்று ஊர் மருத்துவசாலையிலே சில நாட் சிகிச்சையால் மற்றைக் கண்ணையாயினும் காத்திருக்கலாம் என்று எண்ணும்போது நெஞ்சு வருந்துகின்றது.

அக்காலத்தில் விழியிழந்த ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியது பெரும்பாலும் பிச்சைக் கோலேயாம். பெற்றோர் அதற்கு இசைந்திலர். தந்தையார் மகனுக்குக் கைத்தடி செய்துகொடுத்து ஊரை அளந்து நடக்கப் பழக்கினார். மரப்பலகையில் ஆணிகளை எழுத்து வடிவாக அறைந்து, விரலாற் றடவி அறியக் கற்பித்தார் என்றும் கூறுவர். நெப்போலியனின் வீழ்ச்சியை ஒட்டி அந்நியப் படையினர் ஊருக்குள் புகுந்து வீடுதோறும் தங்கிய கொடிய நாட்கள் அவை. அத்துயரங்களுக்கிடையிலும் அக்குடும்பம் கடைக்குட்டியின் கல்வியை மறந்திலது. 1815இல் ஊர்க்கோயிலுக்கு வந்த பலூயி என்னும் குருவானவர் சிறுவனின் கூர்மையைக் கண்டு தாமே பாடஞ் சொன்னார். பின்னர் ஊர்ப் பாடசாலை ஆசிரியர் பெசெறே என்பவரிடம் சொல்லி ஏனைய பிள்ளைகளோடு அமரச் செய்தார். கேட்டதை மறவாத சிறுவன் வகுப்பில் முன்னின்றான். ஆயினும், புத்தகத்தைத் திறவுங்கள் என்று ஆசிரியர் கூறும் கணத்தில் அவன் வெறுங்கையோடு இருக்க வேண்டியவனானான். கற்பிக்கும் தொழிலில் உள்ள நாம் அக்கணத்தை எளிதில் மனக்கண்ணிற் காணலாம்.

இனி அவன் சென்று சேர்ந்த பள்ளியின் வரலாற்றைச் சிறிது சொல்லல் வேண்டும். 1771ஆம் ஆண்டிலே பாரிசு நகரச் சந்தையொன்றில், விழியிழந்தோர் சிலருக்குக் கோமாளி உடையும் பெரிய கண்ணாடியும் அணிவித்து, தலைகீழாக வைத்த இசையேடுகளின் முன் நிறுத்தி வாத்தியம் வாசிக்கச் செய்து, கூட்டத்தார் நகைத்து மகிழ்ந்தனர். அதனைக் கண்டு மனம் நொந்தவர் வலந்தீன் அயூய் என்னும் மொழியறிஞர். இவர்களையும் கற்பிக்கலாம் என்று துணிந்த அவர், 1784இல் கோயில் வாயிலிற் பிச்சையெடுத்த லெசியூர் என்னும் இளைஞனை முதன் மாணாக்கனாக ஏற்றார். கற்கும் நேரத்திற் பிச்சை வருவாய் குன்றுமாதலால், அக்குறையைத் தாமே பணங்கொடுத்து ஈடுசெய்தார் என்பர். இதனினும் உயர்ந்த ஆசிரியத் தொண்டினை நாம் கேட்டதில்லை. அடுத்த ஆண்டிலே பள்ளி முறையாகத் தோன்றியது. விழியிழந்த பிள்ளைகளுக்கென உலகில் எழுந்த முதற் பாடசாலை அதுவே.

அயூய் கண்ட வழி, சாதாரண எழுத்துக்களையே தடித்த ஈரத்தாளிற் பெரிதாய் அழுத்தி மேடுபடச் செய்தலாகும். பெருமுயற்சிதான், ஆனாற் குறைகள் பல. விரல் ஒவ்வோர் எழுத்தையும் சுற்றித் தடவி வருவதற்குள் சொல்லின் முற்பகுதி மறந்துபோம். நூல்கள் ஒரு பிள்ளை தூக்கமாட்டாத கனமுடையன; விலையும் மிகுதி; ஆதலால் பள்ளியில் இருந்தவை மிகச் சில. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்முறையால் மாணாக்கர் வாசிக்கலாமே யன்றி எளிதில் எழுத முடியாது. பார்வையுடையோரின் கண்ணுக்கு அழகாயிருந்த அவ்வெழுத்து விரலுக்கு உகந்ததன்று.

1819ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் நாள், பத்து வயது நிரம்பிய லூயி உபகாரச் சம்பளம் பெற்று அப்பள்ளியிற் சேர்ந்தான். கட்டடமோ பழைய குருமடம். புரட்சிக் காலத்திற் சிறையாயிருந்து படுகொலைகளைக் கண்ட இடம். சுவர்களில் ஈரம் கசிந்தது, காற்றோட்டம் இல்லை. அக்காலத் தலைவர் கில்யே மிகக் கடுமையானவர். பள்ளியை நிறுவிய அயூயையே வாயிலைத் தாண்டவிடாத மனிதர் அவர். 1821இல் அவர் நீங்க, பினியே என்னும் மருத்துவர் தலைவரானார். புதியவர் முதலிற் செய்த நற்செயல்களுள் ஒன்று, முதுமையால் தளர்ந்த அயூயை அழைத்து மாணாக்கர் நடுவே உபசரித்தது. பன்னிரண்டு வயது லூயியும் அவ்விழாவில் இருந்தான். சில மாதங்களில், 1822இல், அயூய் காலமானார்.

அதே 1821ஆம் ஆண்டிலேதான் சார்ல்சு பார்பியே என்னும் முன்னாட் பீரங்கிப்படை அதிகாரி தாம் வகுத்த புள்ளியெழுத்தைப் பள்ளிக்குக் கொண்டுவந்து காட்டினார். போர்வீரர் இருளில் விளக்கின்றிச் செய்தி படிக்கவே அவர் அதனை ஆக்கினார் என்னும் கதை எங்கும் வழங்குகின்றது. அண்மைக்கால ஆராய்ச்சியாளர் அதனை ஐயுறுகின்றனர். எழுத்தறியாத ஏழை மக்களும் விழியிழந்தோரும் எளிதிற் கற்க வேண்டுமென்பதே அவர் நோக்கம் என்பது அவர்தம் முடிவு. எங்ஙனமாயினும், கோட்டினும் புள்ளியே விரலுக்கு ஏற்றது என்ற பேருண்மை பார்பியேயினுடையது. அதற்குரிய புகழை அவருக்கு மறுத்தல் முறையன்று.

ஆனால் அவர் முறையிலும் இரு பெருங்குறைகள் இருந்தன. ஒவ்வோர் உருவுக்கும் பன்னிரண்டு புள்ளிகள் வரை இடமிருந்தமையால் ஒரு விரல்நுனி முழுவடிவையும் ஒருங்கே உணரமாட்டாது. மற்றையது இன்னும் பெரிது. அது ஒலிகளை எழுதும் முறையே யன்றிச் சொற்களின் எழுத்துக்களை எழுதும் முறையன்று. காதிற் கேட்டபடி எழுதலாம். எழுத்துப்பிழையின்றி எழுதல் இயலாது. நிறுத்தக் குறிகளில்லை, எண்களில்லை, இசைக்குறிகளுமில்லை. ஏழைகளுக்கு இவ்வளவு போதும் என்பது பார்பியேயின் கருத்துப்போலும். சிறுவன் லூயிக்கு அது போதவில்லை. பார்வையுடைய மாணாக்கன் எதனைக் கற்கின்றானோ அதனை முழுமையாகக் கற்க வேண்டும் என்று அவன் விரும்பினான்.

இவ்விடத்திற் சற்று நின்று ஒன்று கூற அனுமதி வேண்டுகிறோம். பேசும் கணிப்பொறியும் பேசும் கைத்தொலைபேசியும் வந்துவிட்ட இந்நாளில் விழியிழந்த பிள்ளைக்குப் புள்ளியெழுத்து எதற்கு என்று வினவுவாரைக் காண்கிறோம். அன்னார் பார்பியேயின் பிழையையே மீண்டும் செய்கின்றனர். தமிழாசிரியர் எவரையும் கேளுங்கள். மலையையும் மழையையும், கரையையும் கறையையும், பனியையும் பணியையும் செவி ஒன்றினாலேயே பிரித்தறியும் மாணாக்கர் நம் வகுப்பில் எத்தனை பேர்? பார்வையுடையோரே கண்ணாற் பலகால் கண்டுதான் இவ்வேறுபாடுகளை மனத்திற் பதிக்கின்றனர். கேட்டு மட்டும் கற்கும் பிள்ளை கதையறியும், செய்தியறியும், எழுத்தறியாது. கணிப்பொறியோடு இணைந்து புள்ளிகளை மேலெழுப்பிக் காட்டும் கருவிகளும் இன்று உள்ளன. ஆகையாற் புதுமைக்கும் புள்ளிக்கும் பகையில்லை. இவ்விரண்டையும் பிள்ளைக்குக் கொடுத்தல் வேண்டும்.

சிறுவன் செய்த மாற்றத்தை இனி நோக்குவோம். பகலில் வகுப்பு, இரவிலும் விடுமுறையிலும் தாளும் கூர்முனைக் கருவியுமாக மூன்று ஆண்டு உழைத்தான். அவன் கையாண்ட கருவி, தன் கண்ணைக் கெடுத்த குத்தூசியை ஒத்தது. 1824இல், பதினைந்தாம் வயதில், முறை பெரும்பாலும் உருவாகிவிட்டது. பன்னிரண்டு புள்ளிகளை ஆறாகக் குறைத்தான்: இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3, வலப்புறம் 4, 5, 6. விரல்நுனியின் ஒரு தொடுகையில் முழுவடிவும் அடங்கும். இவ்வாறு புள்ளிகளிற் சில எழுந்தும் சில எழாதும் நிற்க 63 உருவங்கள் பிறக்கும். முதற் பத்து எழுத்துக்கள் மேலுள்ள நான்கு புள்ளிகளாலேயே ஆனவை. அவற்றோடு 3ஆம் புள்ளியைச் சேர்க்க அடுத்த பத்து. 6ஆம் புள்ளியையும் சேர்க்க அதற்கடுத்த வரிசை. மனப்பாடச் சுமையைக் குறைக்கும் இவ்வொழுங்கு, கற்பித்தல் அறிந்த மூளையில் உதித்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

எழுதும் முறையும் அறியத்தக்கது. துளைச்சட்டத்தின்கீழ்த் தாளை வைத்துக் கூர்முனையால் அழுத்தினால் புள்ளி மறுபுறத்தில் எழும். ஆதலால் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி, இடமிருந்து வலமாக வாசிக்க வேண்டும். நம் முன்னோர் எழுத்தாணியால் ஓலையில் எழுதியபோது, புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமலே விட்டனர், பின்வந்தோர் இடர்ப்பட்டனர். நாம் அஞ்சித் தவிர்த்த புள்ளியையே பிறெயில் தம் எழுத்துக்கு உயிராகக் கொண்டார்.

1829இல், சொற்களையும் இசையையும் புள்ளிகளால் எழுதும் இம்முறையை விளக்கும் நூல் வெளிவந்தது. வியப்பு என்னெனில், அந்நூல் அயூயின் பழைய மேடெழுத்திலேயே அச்சாயிற்று. அதிலே பார்பியேக்குத் தாம் பட்ட கடனையும் பிறெயில் மறவாது குறித்தார். திருத்திய பதிப்பு 1837இல் வந்தது. அவ்வாண்டிலேயே பிரான்சு தேசச் சரித்திரச் சுருக்கம் ஒன்று முழுவதும் புள்ளியெழுத்தில் மூன்று பாகமாகப் பள்ளியில் அச்சிடப்பெற்றது.

மாணாக்கர் ஆசிரியரானார். 1828 முதல் துணையாசிரியர். 1833இல் முழு ஆசிரியர். இலக்கணம், சரித்திரம், புவியியல், கணிதம், இசை ஆகியவற்றைக் கற்பித்தார். இசையிலே வல்லவராதலாற் பாரிசுக் கோயில்களில் ஓர்கன் வாசிக்கும் பதவியும் வகித்தார். 1831இல் தந்தையார் இறக்குந் தறுவாயில், தம் மகனைக் கைவிடாது பார்க்குமாறு பள்ளித் தலைவர் பினியேக்குச் செய்தி விடுத்தார். குத்தூசியைப் பட்டறையில் விட்டுவைத்ததை எண்ணி அப்பெரியவர் எத்தனை இரவு உறங்காதிருந்தாரோ!

பிறெயில் அதிகம் பேசாதவர் என்பர். சம்பளம் சிறிது, அதிலும் ஏழை மாணாக்கருக்குக் கடன் கொடுத்தார். அவர் இறந்தபின், திறவாமலே எரித்துவிடுக என்று குறித்து அவர் விட்டுச்சென்ற பெட்டியை நண்பர்கள் ஆவல் மிகுந்து திறந்தபோது, உள்ளே மாணாக்கர் எழுதிக்கொடுத்த கடன் சீட்டுக்களே இருந்தன என்று கூறப்படுகின்றது. கடன்பட்டோர் வெட்கமுறலாகாது என்பதே அவர் கருத்து.

1835 அளவில் காசநோய் அவரைப் பற்றியது. ஈரக் கட்டடம் அதற்குக் காரணமாயிருந்திருக்கலாம். நோயினும் கொடிய துன்பம் 1840இல் வந்தது. துணைத்தலைவராயிருந்த டியூபோ என்பவர் பினியேயை அகற்றிவிட்டுத் தாமே தலைவரானார். மாணாக்கருக்கென வேறோர் எழுத்து இருப்பின் அவர்கள் பார்வையுடைய சமூகத்தினின்றும் பிரிந்துபோவர் என்பது அவர் வாதம். புள்ளியெழுத்தைத் தடைசெய்தார், பழைய நூல்களை எரித்தார், அயல்நாட்டு மேடெழுத்து நூல்களைப் புகுத்தினார். டியூபோவின் வாதத்தை வெறும் பொறாமை என்று தள்ளிவிட நாம் விரும்பவில்லை. நல்லெண்ணமுடைய ஆசிரியர் பலரும் இன்றுவரை அவ்வாறே எண்ணுகின்றனர். பிள்ளை நம்மைப்போல ஆகவேண்டும் என்பதில் முனைந்து, அது கற்கின்றதா என்பதை மறந்துவிடுகின்றனர்.

மாணாக்கர் என்செய்தனர்? எழுதுகருவிகள் பறிபோனபின்னும் கிடைத்த கூர்முனைகளைக்கொண்டு ஒளித்தொளித்துப் புள்ளியிட்டனர். நாட்குறிப்பும் நட்புக் கடிதமும் எழுதினர். மூத்தவர் இளையவர்க்கு இரகசியமாகக் கற்பித்தனர். ஆசிரியர் தடுத்த எழுத்தை மாணாக்கர் காத்த கதை கல்வி வரலாற்றில் அரிது. தாமே எழுதவும் வாசிக்கவும் ஒருமுறை சுவைகண்டவர் அதனை எங்ஙனம் விடுவர்?

டியூபோவுக்குத் துணையாக வந்த குவாடே என்பவர் இவற்றைக் கூர்ந்து கண்டு மனம் மாறினார்; தலைவரையும் மாற்றினார். பள்ளி 1843இல் நல்ல காற்றோட்டமுள்ள புதுக் கட்டடத்துக்குப் பெயர்ந்தது. 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள் நடந்த திறப்புவிழாவிலே குவாடே புள்ளியெழுத்தின் வரலாற்றைச் சபையோர்க்கு எடுத்துரைத்தார். மாணாக்கர் சபை முன்னிலையில் அம்முறையால் எழுதியும் வாசித்தும் காட்டினர். பிறெயில் அச்சபையில் இருந்தார். தம் முறை வென்றதை அவர் அறிந்துகொண்டார் என்பதில் நமக்கு ஒரு மனநிறைவு.

உடல்நலம் மேன்மேலும் குன்றியது. 1852ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், நாற்பத்துமூன்று வயது நிரம்பி இரண்டாம் நாள், அவர் உயிர்நீத்தார். பாரிசுச் செய்தித்தாள்கள் அச்செய்தியைப் பொருட்படுத்தவில்லை. உடல் கூப்விறேயில் அடக்கம் பெற்றது. இரண்டு ஆண்டு கழித்து, 1854இல், பிரான்சு தேசம் அம்முறையை ஏற்றது. 1878இற் பாரிசிற் கூடிய அனைத்துலக மாநாடு ஆதரித்தது. அமெரிக்காவிலும் ஆங்கில நாடுகளிலும் வெவ்வேறு புள்ளிமுறைகளுக்கிடையே நிகழ்ந்த நீண்ட பூசல் 1932இலேதான் அடங்கியது.

நம் பக்கத்துக்கு அவ்வெழுத்து வந்த வரலாறும் பள்ளிக்கூட வரலாறே. இந்தியாவில் 1887இல் அமிர்தசரசிலும், தமிழகத்தில் 1890இல் பாளையங்கோட்டையிலும் விழியிழந்தோர்க்கான பாடசாலைகள் எழுந்தன. பின்னதைத் தொடக்கியவர் அஸ்குவித் அம்மையார். இலங்கையில் 1912இல் மேரி சப்மன் என்னும் அம்மையார், செவிப்புலனும் விழிப்புலனும் அற்ற பிள்ளைகளுக்காக ஆரம்பித்த பாடசாலை பின்னர் இரத்மலானையில் வேரூன்றியது. அதன்பின் அவ்வம்மையார் பர்மாவுக்குச் சென்று 1920இல் இரங்கூனிலும் செவிப்புலனற்றோர் பாடசாலை ஒன்றை நிறுவினார். மாத்தளைப் பகுதிப் பெற்றோர் ஒருவர் தம் பிள்ளையைப் புகையிரதமேற்றிக் கொழும்புக்கும் அப்பால் இரத்மலானை வரை கொண்டுசென்று விட்டுவருவதென்றால் எத்துணை மனவுறுதி வேண்டும்! தோட்டத்து லயன் அறையிலும் நகரத்து வீட்டு மூலையிலும் பிள்ளையை இருத்திவைத்து, உணவூட்டலே கடமை என்று எண்ணும் வழக்கம் முற்றும் ஒழிந்ததென்று இன்றும் சொல்வதற்கில்லை. தமிழ்வழிக் கல்விக்கென யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை 1956இல் தோன்றியது.

தொடக்கத்தில் இந்திய மொழிகளுக்குப் பத்துக்கு மேற்பட்ட புள்ளிமுறைகள் ஒன்றோடொன்று பொருந்தாது வழங்கின. ஐக்கிய நாடுகளின் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனத்தின் முயற்சியால் 1951இற் பெய்ரூத் நகரிற் கூடிய மாநாட்டின் பயனாக அவை பாரதி பிறெயில் என்னும் ஒரே முறையுள் அடங்கின. இலங்கையும் அதனை ஏற்றது. தமிழ் கற்பிப்போர் அதன் அமைப்பை அறிதல் நன்று. அகரமேறிய மெய்க்கு ஓர் உரு. வேறு உயிர் ஏறினால் மெய்யுருவின் பின் உயிருரு வரும். அச்செழுத்திற் கொ என்பதற்குக் கொம்பை முன்னும் காலைப் பின்னும் இடுகின்றோம். புள்ளியெழுத்திலோ ககரமும் ஒகரமும் ஒலிக்கும் முறையிலேயே நிற்கும். தனி மெய்க்குரிய புள்ளியும் உண்டு. ஆனால் அது எழுத்தின் தலைமேலன்று, எழுத்துக்கு முன்னே வரும். அம்மா என்னும் சொல்லை எழுதிப் பார்ப்போம்: அகரத்துக்கு 1, மெய்ப்புள்ளிக்கு 4, மகரத்துக்கு 1, 3, 4, மீண்டும் மகரம், ஆகாரத்துக்கு 3, 4, 5. ஐந்து உருவங்கள். நம் மாணவர் தடித்த தாளில் இதனைக் குத்தி, கண்ணை மூடி விரலாற் றடவிப் பார்ப்பாராக.

அடுத்த ஆண்டு, 1952இல், பிறெயிலின் நூற்றாண்டு நினைவாக அவர் உடல் கூப்விறேயினின்றும் எடுக்கப்பெற்று, பிரான்சு தேசத்துப் பெருமக்கள் உறங்கும் பாரிசுப் பந்தியன் மண்டபத்தில் வைக்கப்பெற்றது. பலநாட்டு விழியிழந்தோர் வெண்கோலுடன் திரண்ட அவ்விழாவுக்கு எலன் கெலர் அம்மையாரும் வந்திருந்தார். கூப்விறே மக்கள் மட்டும் ஒன்றை விட்டுக்கொடுக்க மறுத்தனர். அவருடைய கைகளின் எலும்புகள் ஒரு கலசத்தில் இடப்பட்டு, அவ்வூர்ப் பழைய கல்லறையிலேயே இன்றும் இருக்கின்றன.